லிக்டன்ஸ்டைன் போய் வந்தவள்

ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மெய்யாகிவிடும் என்பார்கள். வேலுமணி அதற்காக ரொம்ப மெனக்கெடவில்லை. ஐரோப்பா டூர் முடிந்து கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் திரும்பிய பிறகு சில பிறந்தநாள் பார்ட்டிகள், ஒரு வளைகாப்பு, ஆளுக்கொரு பண்டம் சமைத்து வரும் ஒரு பாட்லக். அவ்வளவுதான், வேலை முடிந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று யாரெல்லாம் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் இப்போது ஒரு விஷயம் தெரியும். வேலுமணியின் மனைவி மரகதம் சுவிட்சர்லாந்தில் தொலைந்துபோனாள்.

மரகதம் எங்கும் தொலையவில்லை. அன்றைக்கு அவள் லிக்டன்ஸ்டைன் போயிருந்தாள். தானாக முடிவு செய்து, தானாக டிக்கெட் வாங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய், ஒரு நாட்டைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஹோட்டலுக்குத் திரும்பி வந்தாள். நிஜமாகவே வழி தப்பி வந்த கொலம்பஸுக்கு இந்த அமெரிக்காவில் லீவு விட்டுக் கொண்டாடுகிறார்கள். சரியாகப் போய்ச் சரியாகத் திரும்பியவளுக்குத் தொலைந்தவள் என்று பெயர்.

பொய்க்குக் கால் முளைத்தால்கூடப் பரவாயில்லை, இதற்கு இறக்கையே முளைத்துவிட்டது. கிட்டுசாமி சொல்லும்போது போலீஸ் கார் வந்தது. வேறொரு வீட்டில் மரகதம் சாக்லேட் கடை வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஸ்ரீநிவாசன் சொன்ன கதையில் அவளுக்கு ஹோட்டல் பெயரே மறந்துபோயிருந்தது. இந்த கிட்டுசாமி குடும்பமும், ஸ்ரீநிவாசனும் அவன் மனைவி ருக்மிணியும் அதே டூரில் கூட வந்தவர்கள். கூட வந்தவர்களே சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஃப்ரீமான்ட் மௌரி அவென்யூவில் இருக்கும் இந்தியக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒருத்தி, "மரகதம், மௌரி அவென்யூல இருந்து வீட்டுக்கு வழி தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மரகதம் கையிலிருந்த கத்தரிக்காயை அவள் மேல் எறியவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

கேலி மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் குப்பர்டினோவில் நடக்கும் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போவதில் அவளும் ருக்மிணியும் முறை வைத்திருந்தார்கள், ஒரு வாரம் இவள், ஒரு வாரம் அவள். டூர் போய் வந்த பிறகு மரகதத்தின் முறை வரவே இல்லை. "நீங்க எதுக்கு சிரமப்படறீங்க, நானே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று ஒவ்வொரு வாரமும் ருக்மிணியே வந்து நின்றாள். அதையும் விட்டுவிடலாம். ஒருநாள் மகள் வெண்பாவை அவள் சிநேகிதி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டே அந்தப் பத்து வயசுப் பெண் கேட்டாள்: "அம்மா, டூ யூ நோ த வே? ஷுட் வி கால் அப்பா?"

அப்பாவைக் கூப்பிட வேண்டுமாம். வழி கேட்க. வேலுமணியை!

இதைப் புரிந்துகொள்ள வேலுமணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆபீசில் கெட்டிக்காரன், நல்ல சம்பளம், சூதுவாது இல்லாதவன் என்று பெயர். ஆனால் திசை என்ற ஒன்றை ஆண்டவன் அவனுக்கு வைக்கவே இல்லை. ஷாப்பிங் மாலுக்குள் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியே வந்தால் காரைத் தேடி அலைவான். மரகதமோ கல்யாணத்துக்கு முன்னால் உடுமலைப்பேட்டையில் பூகோள டீச்சர். மேப்பைக் கையில் எடுத்தால் நாவல் படிக்கிறவளைப் போல மூழ்கிவிடுவாள். அமெரிக்கா வந்த நாளிலிருந்து குடும்பமாகக் கிளம்பினால் கார் ஓட்டுவது வேலுமணி, பக்கத்து சீட்டில் மடியில் தடிமனான மேப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "லெஃப்ட் லேனுக்கு வாங்க, அடுத்த எக்ஸிட்" என்று சொல்வது மரகதம். யோசெமிட்டிக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் அப்படித்தான் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் இறங்கி, இடுப்பை நெளித்து, "அப்பாடா, ஓட்டிட்டு வந்துட்டேன்" என்பான். யாருடைய வழியில் என்று அவன் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

லிக்டன்ஸ்டைன் அவள் டீச்சராக இருந்த காலத்திலேயே மனதில் முள்ளாகத் தைத்த நாடு. பள்ளிக்கூட மேப்பில் அந்த நாட்டின் பெயரை அந்த நாட்டுக்குள் எழுத இடம் இருக்காது. ஒரு மெல்லிய கோடு இழுத்து எங்கோ வெளியில் எழுதியிருப்பார்கள். "டீச்சர், அங்க ஆள் இருக்காங்களா?" என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். மரகதத்துக்குத் தெரியவில்லை. "இருப்பாங்க, உக்காரு" என்று சொல்லிச் சமாளித்தாள். தாராபுரம் தாலுக்காவைவிடச் சின்னது, பட்டாளம்கூட இல்லாத நாடு என்பதெல்லாம் பிற்பாடு ஃப்ரீமான்ட் லைப்ரரியில் படித்துத் தெரிந்துகொண்டது.

அந்தக் கோடைகாலத்தில், இரண்டாயிரமாவது வருஷம், மூன்று குடும்பமும் ஒட்டுக்காக ஐரோப்பா டூர் போனார்கள். ஏழு நாடு, பஸ்ஸிலேயே பயணம், கூடவே சமையல்காரர், மூன்று வேளையும் நம் சாப்பாடு. ஈஃபில் கோபுரத்தடியில் பொங்கலும், வெனிஸில் தயிர்சாதமும் சாப்பிட்டார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் கேள்வி பாத்ரூம் எங்கே, இரண்டாவது கேள்வி ஃப்ரிட்ஜில் ஒட்டும் மேக்னட் எங்கே விற்கிறார்கள். ஜூரிக்கில் ஒரு நாள் முழுக்கப் பனிமலைக்கு ஒதுக்கியிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதே மரகதம் கணக்குப் போட்டுவிட்டாள், லிக்டன்ஸ்டைன் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

முதல் நாள் ராத்திரியே வேலுமணியிடம் சொன்னாள். "ஏனுங்க, நாளைக்கு நான் பனிமலைக்கு வரல. நீங்க வெண்பாவைக் கூட்டிட்டுப் போங்க. நான் லிக்டன்ஸ்டைன் போயிட்டு வந்துடறேன்."

"அதென்ன, மாத்திரை பேரு மாதிரி இருக்கு?"

"நாடுங்க. ரெண்டு மணி நேரம்கூட இல்ல. நம்ம சுவிஸ் விசாவே அங்கயும் செல்லுமாம்."

"போ, போ. போய் எனக்கும் ஒரு ஏக்கரா வாங்கிப் போட்டுட்டு வா."

விடிந்ததும் குளித்து, சுடிதார் மாட்டி, ஷூ போட்டுக்கொண்டு வந்து எழுப்பினாள். குடும்பத்துப் பாஸ்போர்ட் மூன்றும் வேலுமணி இடுப்பில் கட்டியிருந்த பையில் இருந்தன. திருடனுக்குப் பயந்து அந்தப் பையைத் தூங்கும்போதுகூட அவிழ்க்கமாட்டான். "பாஸ்போர்ட் குடுங்க, கிளம்பறேன்" என்றாள். அவன் கண்ணைப் பாதி திறந்து, ஜிப்பை இழுத்து, அவளுடையதைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்து, "பத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் படுத்தான். இதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ரயிலில் சார்கன்ஸ் என்ற ஊர் வரைக்கும். அங்கிருந்து மஞ்சள் பஸ். பஸ் ஒரு பாலத்தின் மேல் ஏறி ரைன் ஆற்றைத் தாண்டியது, நாடு மாறிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை. சோதிக்க யாரும் ஏறவில்லை. மரகதம் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்து, உள்ளே வைத்துக்கொள் என்று சைகை காட்டினாள்.

தலைநகரம் வாடூஸ் என்பது ஒரு நீளமான தெருவும் அதை ஒட்டிய சில தெருக்களும். மேலே மலை விளிம்பில் கோட்டை. அதில் ராஜா குடும்பத்தோடு நிஜமாகவே குடியிருக்கிறார், அதனால் உள்ளே விடமாட்டார்கள். கோட்டைக்குக் கீழே திராட்சைத் தோட்டம். கடைக் கண்ணாடிகளில் தபால்தலைகள். ஒரு பாட்டி ஜன்னலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஒருவர் நாயைத் திட்டினார், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். ஆள் இருக்காங்க, என்று மரகதம் சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். நாடு முழுக்க ஆள் இருக்காங்க.

ஒரு பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள். அங்கே கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. இந்தக் கரை லிக்டன்ஸ்டைன், அந்தக் கரை சுவிட்சர்லாந்து, பாலத்தின் நடுவில் எல்லை. மரகதம் நடுவில் போய் நின்று ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்தாள். சென்னையில் அமெரிக்கக் கான்சுலேட் வாசலில் விடியற்காலையில் நின்றது ஞாபகம் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால், புருஷன் என்ன வேலை, எத்தனை நாள் இருப்பாய், எப்போது போவாய் என்று கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. அவளைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை, எப்போதும் புருஷனைப் பற்றித்தான் கேட்டார்கள். இங்கே கேட்கவே ஆள் இல்லை. மரகதம் அந்தக் கரைக்கு நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். பலகைகள் தடதடவென்று சத்தம் போட்டன. யாரும் இல்லாத பாலத்தில் தனியாகச் சிரித்தாள். கல்யாணமான பிறகு இவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒரு நாள் அவளுக்கு உடனே ஞாபகம் வரவில்லை.

கேமரா பனிமலைக்குப் போயிருந்தது. வாங்கவும் ஒன்றும் தோன்றவில்லை. சாட்சி என்று கேட்டால் கால்வலி ஒன்றுதான் மிச்சம்.

சாயங்காலம் ஹோட்டல் வாசலில் நுழைந்தபோது டூர் கூட்டம் முழுக்க லாபியில் நின்றது. வெயிலில் சிவந்த முகத்தோடு வந்தவளைப் பார்த்து ருக்மிணி கேட்டாள், "என்ன மரகதம், தலைவலின்னு ரூம்ல படுத்திருக்கீங்கன்னு அண்ணன் சொன்னாரு?"

மரகதம் புருஷனைப் பார்த்தாள். புருஷன் ஸ்ரீநிவாசனைப் பார்த்தான், கிட்டுசாமியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அது... காத்தாட நடக்கலாம்னு வெளிய போயிருப்பா. வழி தெரியாம சுத்திட்டு வந்திருக்கா. பாவம்" என்றான். அந்தப் பாவத்தைத் தனியாக எதற்குச் சேர்த்தான் என்பதுதான் மரகதத்துக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை. ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

அறைக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டாள். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான், "நாலு பேர் முன்னாடி, பொண்டாட்டிய வேற நாட்டுக்குத் தனியா அனுப்பிச்சிட்டேன்னு சொல்லச் சொல்றியா? என்னை என்ன நினைப்பாங்க? பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடறவன்ம்பாங்க. விடு, ஊருக்குப் போனா யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?" சரி, அவன் மானம் போகவேண்டாம் என்று அந்த ஒரு தடவை மரகதம் விட்டாள். விட்டதற்குப் பலன்தான் போலீஸ் கார், சாக்லேட் கடை, மௌரி அவென்யூ எல்லாம்.

செப்டம்பரில் லேபர் டே லீவுக்கு ருக்மிணி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவர்கள் டப்ளினில் (அயர்லாந்து டப்ளின் இல்லை, ஃப்ரீமான்ட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்) புது வீடு வாங்கிக் குடிபோயிருந்தார்கள். வீடு மட்டும் புதிதல்ல, தெருவே புதிது, எந்த மேப்பிலும் இல்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் வெறும் புல்வெளி. பக்கத்துத் தெரு எப்படி வளைகிறது, வீட்டு நம்பர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்றெல்லாம் பார்த்து, "ரைட்... இல்ல, அதுக்கடுத்த ரைட்" என்று மரகதம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாகப் பழுப்பு வீடுகள். அதில் ஒன்றின் வாசலில் மட்டும் மலைபோலச் செருப்பு.

ஸ்ரீநிவாசன் வாசலுக்கே வந்தான். "வாடா வேலு! மேப்லயே இல்லாத தெரு, எப்படிடா கண்டுபிடிச்ச?"

"எல்லாம் ஒரு டைரக்‌ஷன் சென்ஸ்தான்" என்றான் வேலுமணி. சொல்லும்போது நாக்கு கூசவில்லை.

"மரகதம் பக்கத்துல இருந்தும் கரெக்டா வந்துட்டியே, அதைச் சொல்லு!"

எல்லாரும் சிரித்தார்கள். மரகதம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க டூர் மேக்னட்கள், ஏழு நாட்டுக்கும் ஒன்று. அவள் பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹாலில் கிட்டுசாமியின் குரல் கேட்டது. டெக்சாஸ் ரவுண்ட் ராக்கிலிருந்து அவனுடைய மச்சான் வந்திருந்தான். "வேலு, நம்ம மச்சானுக்கு அந்த சுவிஸ் கதையைச் சொல்லுப்பா!"

வேலுமணி ஆரம்பித்தான். இந்தத் தடவை ஹோட்டல் மேனேஜர் குடையோடு தேடிப்போனார். மழை வேறு வந்துவிட்டது போலிருக்கிறது. மரகதம் பாயசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து நின்றாள்.

"நான் தொலையல" என்றாள். "லிக்டன்ஸ்டைன்னு ஒரு நாடு இருக்கு. அன்னைக்கு நான் அங்க போயிட்டு வந்தேன்."

கிட்டுசாமிதான் முதலில் வாயைத் திறந்தான். "நம்ம போனது ஏழு நாடுதானுங்களே? இவங்க ஃப்ரிட்ஜ்ல போய்ப் பாருங்க, எல்லாம் ஒட்டிருக்கு. நீங்க சொல்ற நாடு அதுல இல்லீங்க."

ஐக்கிய நாடுகள் சபை ஒத்துக்கொண்ட நாட்டை ஒரு ஃப்ரிட்ஜ் கதவு தள்ளுபடி செய்தது. மரகதத்துக்குக் காதெல்லாம் சூடேறியது. "ஏனுங்க," என்று புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. அன்னைக்குக் காலைல பாஸ்போர்ட் எடுத்துக் குடுத்தது யாரு?"

எல்லார் கண்ணும் வேலுமணியிடம் போனது. வெண்பாவும் மாடிப்படியில் தட்டோடு நின்று அப்பாவைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவனுக்கு எல்லா வசதியும் இருந்தது. அவன் சோபாவில் சாய்ந்து சிரித்தான். "விடுங்கப்பா, வெக்கத்துல சொல்றா. வந்து நின்ன இடம் எதுன்னு தெரியலைன்னா, அதுக்கு ஒரு நாட்டுப் பேரை வெச்சுக்க வேண்டியதுதானே!"

சிரிப்பு கூரையைத் தொட்டது. வெண்பாவும் சிரித்தாள். சின்னக் குழந்தை, அப்பா சிரித்தால் சிரிக்கும். மரகதம் அவளைக் குறை சொல்லவில்லை. லாபியில் அன்று சொன்ன பொய்யைப் பயத்தில் சொன்னான் என்று வைத்துக்கொள்ளலாம். இது பயம் இல்லை. கைதட்டலுக்காகக் கட்டினவளை விற்கிற வேலை. அதுவும் பெற்ற பிள்ளை கண் முன்னால்.

கிளம்பும்போது ருக்மிணி வாசல்வரை வந்து, தோளில் கை வைத்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள், "மரகதம், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே சனிக்கிழமை கிளாஸுக்கு நாங்களே இங்கிருந்து வந்து எல்லாக் குழந்தைகளையும் பிக்கப் பண்ணிக்கறோம். ஃப்ரீவேல குழந்தைகளை வெச்சுட்டு... ரிஸ்க் எதுக்கு?"

"நல்லதுங்கக்கா" என்றாள் மரகதம்.

காரில் ஏறி பெல்ட் போட்டாள். மேப் புத்தகத்தை எடுத்துப் பின் சீட்டின் கீழே தள்ளினாள். கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சாயங்கால வெயில் இன்னும் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

தெரு முனையில் வேலுமணி வழக்கம்போல, "லெஃப்டா, ரைட்டா?" என்றான். பதில் இல்லை. கோபம் என்று புரிந்துகொண்டான். கோபம் வந்தால் பேசமாட்டாள் என்று தெரியும், வழி சொல்வதுகூட நின்றுபோகும் என்றுதான் பாவம் அவனுக்குத் தெரியாது. தானாகவே ஒரு பக்கம் திருப்பினான். எப்படியோ ஃப்ரீவே போர்டு கண்ணில் பட்டது, ஏறிவிட்டான். ஏறியது கிழக்கே. வீடு இருப்பது மேற்கே போய்த் தெற்கே. மரகதம் பார்த்தாள், பேசாமல் இருந்தாள்.

லிவர்மோர் வந்தது, போனது. வீடுகள் குறைந்தன. இரண்டு பக்கமும் காய்ந்த மஞ்சள் குன்றுகள், குன்றுகள் மேல் வரிசை வரிசையாகக் காற்றாலைகள்.

"அப்பா," என்றாள் வெண்பா, "வி டிட்ன்ட் ஸீ விண்ட்மில்ஸ் ஆன் த வே ஹியர்."

"இது வேற ரூட்டு கண்ணு" என்றான் வேலுமணி. குரலில் தெம்பு இல்லை. அடுத்த பச்சைப் பலகையில் ஸ்டாக்டன் என்று எழுதியிருந்தது. ஸ்டாக்டன் ஃப்ரீமான்ட்டுக்குப் பக்கத்தில் இல்லை என்ற அளவுக்கு அவனுக்கும் பூகோளம் தெரியும். பெட்ரோல் முள்ளும் கீழே கிடந்தது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாக நிறுத்தினான்.

"மரகதம். எங்க இருக்கோம்?"

"எனக்கெப்படிங்க தெரியும்? ஹோட்டலுக்கே வழி தெரியாதவளாச்சே."

"விளையாடாத. குழந்தை பயந்துக்கப் போறா."

"பயப்படட்டும். அம்மாவுக்கு ஒரு வழியும் தெரியாதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. தெரியாதவ எப்படி வழி சொல்றது? நீங்களே ஓட்டுங்க. டைரக்‌ஷன் சென்ஸ் இருக்கில்ல?"

வேலுமணி ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேஸ் ஸ்டேஷனுக்குள் போய் வழி கேட்டிருக்கலாம். கேட்கமாட்டான். வழி கேட்பது ஆம்பளைக்கு அழகில்லை என்று எந்தச் சாஸ்திரத்தில் படித்தானோ. பின்னாலிருந்து வெண்பா முன்னே சாய்ந்து, "அப்பா, டிட் யூ கிவ் ஹெர் த பாஸ்போர்ட்?" என்று கேட்டாள். அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். இந்தத் தடவை கூடச் சேர்ந்து சிரிக்க யாரும் இல்லை.

"ஆமா கண்ணு" என்றான் கடைசியில். "குடுத்தேன். அம்மா என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. ஒரு நாட்டுக்குப் போயிட்டு, கரெக்டாத் திரும்பி வந்தா. தொலையல. நான்தான்... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க, அப்படியே போயிடுச்சு."

"ஸோ, யூ டோல்ட் எ லை" என்றாள் வெண்பா. அவள் சீட்டில் சாய்ந்து, கொஞ்ச நேரம் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, வாட் வாஸ் இட் லைக்?" என்று கேட்டாள். இரண்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் தங்கம்" என்றாள் மரகதம். பிறகு புருஷனிடம், "பெட்ரோல் போட்டுட்டு வண்டியை எடுங்க."

எடுத்தான். "லெஃப்ட்ல திரும்பி மறுபடி ஃப்ரீவே ஏறுங்க. லேன் மாறாதீங்க." பழைய குரல் திரும்பி வந்ததில் வேலுமணிக்கு உயிர் வந்தது. விசிலடிக்கக்கூட ஆரம்பித்தான். காற்றாலை முடிந்தது, லிவர்மோர் முடிந்தது. "இந்த எக்ஸிட். ரைட். நேராப் போங்க. சிக்னல்ல லெஃப்ட்." அவள் சொல்லச் சொல்ல வண்டி திரும்பியது. அவனுக்கு எல்லாத் தெருவும் ஒன்றுதான். ஒரே அச்சில் வார்த்த பழுப்பு வீடுகள் நடுவே போனபோதுகூட, ஏதோ குறுக்கு வழி என்று நினைத்தான்.

"இங்க நிறுத்துங்க" என்றாள் மரகதம்.

நிறுத்தினான். காருக்குப் பக்கத்தில் இருந்த வீட்டு வாசலில் மலைபோலச் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வேலுமணியின் விசில் நின்றது.

"இறங்குங்க. இவங்ககிட்டயும் சொல்லிட்டு வாங்க."

"மரகதம்... நாளைக்கு ஃபோன்ல சொல்லிக்கலாம். இப்பப் போய் நின்னா, வழி தெரியாமத் திரும்பி வந்துட்டான்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். ஒரு சாயங்காலம்தானே? நான் ரெண்டு மாசமாத் தாங்கிட்டிருக்கேன். பொய்யை நாலு பேர் முன்னாடி சொன்னீங்க, நிஜத்தையும் அதே நாலு பேர் முன்னாடி சொல்லுங்க. சொல்லிட்டு வந்தா வீட்டுக்கு வழி இருக்கு. இல்லைன்னா நானும் வெண்பாவும் போய்ச் சேந்துக்குவோம், எங்களுக்கு வழி தெரியும்."

அவன் இறங்கினான். மரகதமும் இறங்கி, காரைச் சுற்றி வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டைத் தன் காலுக்குத் தகுந்தபடி முன்னால் இழுத்துக்கொண்டாள். வெண்பா பின்னால் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டாள்.

மணியடித்ததும் ருக்மிணிதான் கதவைத் திறந்தாள். விருந்தாளிகள் யாரும் இன்னும் கிளம்பிப் போயிருக்கவில்லை, உள்ளே சிரிக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"ஐயோ, என்னண்ணா திரும்பி வந்துட்டீங்க? மரகதம் வழியைத் தப்பாச் சொல்லிட்டாங்களா?"

வேலுமணி திரும்பிக் காரைப் பார்த்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜன்னலில் மனைவி, ஒரு ஜன்னலில் மகள்.

"இல்லீங்க. அவ சரியான இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கா" என்றான். "எல்லாரையும் சித்த வெளிய கூப்பிடுங்க. அந்த சுவிஸ் கதையை இன்னொரு தரம் சொல்லணும்."